நெற்றி இல்லாத முகம்

உச்சி கடந்த வெயில் ஆற்றின்மேல் தகடாய் விரிந்து கிடக்க, கடைத்தெருவின் நிழல்களெல்லாம் சுவரோரம் ஒண்டிக்கொள்ள, நகரின் பொது நூலகத்தில் மட்டும் புது வெள்ளையின் மணம் கமழ, நான்கு மணிக்குத் திறந்துவைக்கப்பட வேண்டிய ஓர் ஓவியம் வடக்குச் சுவரில் திரை போர்த்தி நின்றது. அந்நூலகத்தைத் தொடங்கி முப்பதாண்டு நடத்தி, சென்ற ஆண்டு மறைந்த அம்மையாரின் உருவம் அது.

தீட்டியவள் ஓர் இளம்பெண். நயமறிந்த படிப்பாளரே, அவள் ஓவியப் பள்ளியில் கற்றதைக் காட்டிலும், திரையரங்கின் முன்வரிசையில் கழுத்து வலிக்க அமர்ந்து கற்றதே மிகுதி. ஆளுயரம் விரியும் கண்களையும், திரையின் மேல்விளிம்பு நெற்றியை வெட்டிவிட எஞ்சி நிற்கும் முகத்தையும் கண்டு கண்டு, அம்மையாரையும் அவ்வாறே எழுதிவிட்டாள். புருவத்துக்கு மேல் படம் இல்லை, காதுகளும் இல்லை, ஆறடித் துணி முழுவதும் முகமே. இது கலையா, களியாட்டக் கொட்டகையின் கைவரிசையா என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். நமக்கு நேரமில்லை, மணி மூன்று ஆகிவிட்டது.

முன்னதாகப் பார்த்துவிட வந்த அம்மையாரின் மூத்த மகன், பெயர்பெற்ற வழக்கறிஞர், திரையை விலக்கினார், முகம் சிவந்தார், அருகில் நின்ற அவளிடம் திரும்பினார்.

“எங்க அம்மாவோட தலை எங்கேம்மா?”

“ரொம்பக் கிட்ட பாத்தா இப்படித்தாங்க தெரியும்.”

“சினிமாவுல தெரியும். இங்க ஊரே சிரிக்கும். வெள்ளையடிச்சு மூடுங்க, பழைய போட்டோவ மாட்டிக்கறேன். நீங்க அடிக்கலேன்னா நான் அடிப்பேன்.”

சொன்னால் செய்பவர் அவர். சட்டைக் கையை மடித்து, சுவருக்கு வெள்ளை பூசியவர்கள் விட்டுப்போன வாளியில் அகன்ற தூரிகையைத் தோய்த்தெடுத்து, சொட்டச் சொட்டப் படத்தின்முன் வந்தார். அவள் குறுக்கே நின்றாள். தன் வாழ்நாளில் இதைவிடச் சிறந்த ஒன்றைத் தீட்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே இரு கைகளையும் விரித்துக்கொண்டாள்.

“நகருங்க.”

“மாட்டேங்க.”

தூரிகை அவள் தோளுக்குமேல் உயர்ந்தது. அப்போது வாயிலில் கைத்தடியின் ஒலி கேட்டது. அம்மையாரின் கணவர், கண்ணொளி மங்கிய முதியவர், தட்டித் தடவி உள்ளே வந்து, படத்தின் அடியில் நின்று அண்ணாந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் தம் கீழிமையைத் தாழ இழுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“அப்பா, என்ன பண்றீங்க?”

“என் கண்ணுக்குக் குனிஞ்சு மருந்து விடறப்ப உங்கம்மா இப்படித்தாண்டா தெரிவா. நெத்தி தெரியாது, காது தெரியாது. ஒன்பது வருஷம், தினம் மூணு வேளை.” பெண்ணின் பக்கம் திரும்பினார். “நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்குத் தெரியாதுங்க,” என்றாள் அவள், உள்ளதை உள்ளபடி.

“இப்ப நானே விட்டுக்கறேன். பாதி கன்னத்துலதான் விழுது.”

வழக்கறிஞர் தூரிகையை வாளியில் வைத்தார்.

நான்கு மணிக்குப் படம் திறக்கப்பட்டது. சிலர் சிரிக்கத்தான் செய்தனர். மிக அருகில் காணும் முகத்தைத் திரையரங்கு புதிதாகப் படைத்துவிடவில்லை. அன்புடையார் தமக்குள் வைத்திருந்ததை அது ஊரறியப் பெரிதாக்கிற்று, அவ்வளவே. கூட்டம் கலைந்தபின், தந்தையின் பையிலிருந்த மருந்துக் குப்பியை மகன் தாமே எடுத்துத் திறந்து, அண்ணாந்த அம்முகத்தின்மேல் குனிந்தார். குனிந்த அவர் முகத்திலும் அப்போது முதியவருக்கு நெற்றி தெரிந்திராது.