ஆறிய புண்

திருவோணத்தன்று திருச்சூர் ஆய்வுக்கூடத்தில் ரெஜிதா மட்டுமே இருந்தாள். கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த உயிரணுக்களை முயல்களின் முதுகுப் புண்ணில் வைத்து, ஆறுகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அம்மா போனில் அழைத்தாள். "மோளே, இலை போட்டாச்சு. வரலையா?"

"முயலுக்குக் கட்டு மாத்தணும்மா."

"அதுக்கு உன்னை விட்டா ஆளே இல்லையா?"

"இல்லம்மா" என்று சிரித்தாள்.

கட்டைப் பிரித்தபோது புண் மூடி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் படர்ந்திருந்தது. எத்தனையோ தோல்விகளுக்குப் பிறகு இதுதான் முதல் முறை. கூப்பிட்டுக் காட்டப் பக்கத்தில் யாருமில்லை. பேராசிரியருக்குப் போன் செய்து சொன்னாள்.

"பிரமாதம்! நாளைக்கே முயலை முடிச்சுட்டு, அந்தத் தோலை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்துடலாம்" என்றார்.

இப்படித்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் முயலை மடியில் வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.