நூற்றிருபது வினாடி

"பவர் பிளக்கு இந்த ரூம்லதான இருக்குது, அம்மிணி? இங்கிருந்து ஒயரு இழுத்தா ஹாலுக்கு எட்டுமா?"

பெரியப்பா மகன் மோகனசுந்தரம் வாசற்படியில் நின்று கேட்டார். அவருக்குப் பின்னால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருந்த ஃபிரீசர் பெட்டியை நான்கு பேர் சாய்த்து, நிமிர்த்தி, ஹால் கதவுக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டுமுங்கண்ணா. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்குது. நானே மாட்டித் தர்றேன்" என்றாள் நர்மதா.

தேங்காய் போட்டு வைத்திருந்த அறை அது. இப்போது நர்மதாவின் மேசையும், மேசை நிறைய அந்த மெஷினும் இருந்தன. அலுமினியச் சட்டம், இரண்டு தண்டவாளம், ரப்பர் பெல்ட்டு, அதன் மேல் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு தலை. தலையின் நுனியில் ஊசி போன்ற குழாய். அது காற்றை உறிஞ்சி, எள்ளளவு இருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய்ப் பச்சை போர்டில் அதனதன் இடத்தில் வைக்கும். தென்னந்தோப்புச் சொட்டுநீர் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடும் போர்டுகள். கோயமுத்தூர் வேலையை விட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்த ஒன்றரை வருடத்தில், ஒவ்வொரு பாகமாக வாங்கி அவளே கட்டியது. அப்பா ஆறுச்சாமி அதைக் கோழி என்பார். கொத்தி எடுக்கிறது, கொண்டுபோய் வைக்கிறது, வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்பார்.

பிளக் மேசைக்குப் பின்னால் இருந்தது. கை நுழைய இடம் வேண்டி, மெஷினின் தலையை ஓரமாகத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு போனது.

நர்மதா அப்படியே நின்றாள்.

மெஷின் அணைந்திருக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மோட்டாரில் கரண்ட் ஓடும்வரை, நிற்கிற இடத்திலும் அது இறுகப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். கையால் தள்ளினால் அசையக் கூடாது. இதுவோ திரைச்சீலை மாதிரி நகர்ந்தது. கையை எடுத்ததும், சுருண்டு கிடந்த காற்றுக் குழாய் இழுத்ததில், ஒரு மயிரிழை பின்வாங்கி நின்றது.

"ஆச்சா, அம்மிணி? பெட்டி சூடாயிட்டு இருக்குது."

"ஆச்சுங்கண்ணா."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

மூன்று வாரமாக இந்த மெஷின் அவளை வாட்டி எடுத்துவிட்டது. ஒரு நாள் முழுக்க ஒழுங்காக வைக்கும். மறுநாள் பாதி போர்டில் திடீரென்று எல்லாப் பாகங்களும் ஒரே பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும். அணைத்துப் போட்டால் தலை மூலைக்குப் போய், அங்கிருக்கும் சுவிட்சைத் தொட்டு இடத்தைச் சரிபார்த்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல ஒழுங்காக வேலை செய்யும். பெல்ட்டை இறுக்கிப் பார்த்தாள். புல்லியின் திருகாணியைக் கழற்றி மாட்டினாள். மூலைமட்டம் வைத்துச் சட்டத்தைச் சோதித்தாள். கேமராவை மூன்று தடவை மாற்றிப் பொருத்தினாள். எதுவும் காரணமில்லை. எத்தனை தடவை அளந்தாலும் பிசகு ஒரே அளவுதான்: பூஜ்யம் புள்ளி எட்டு மில்லிமீட்டர். ஏடிஎம் கார்டின் கனம். அரை மில்லிமீட்டர் ஒருநாளும் வராது, ஒன்றும் வராது. ஆனால் பாகமே இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான். பிறகு அது எங்கே ஒட்டும்?

அந்த மூன்று வாரமும் பக்கத்து அறையிலிருந்து மணி அடித்துக்கொண்டிருந்தது.

மணியும் அவள் செய்ததுதான். கட்டில் கம்பியில் ஒரு சுவிட்சு, அவள் மேசைக்கு மேல் ஒரு மணி. அப்பாவால் குரல் எழுப்பிக் கூப்பிட முடியாது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு நின்று வந்தது. தண்ணீர், தலையணை, ஒருக்களிக்க வைக்க, ஒன்றுமில்லாமல் சும்மா. அவள் மெஷினை அணைக்காமல் பாதியில் நிறுத்திவைத்துவிட்டுப் போவாள், வருவாள், ஓட்டுவாள்.

போன வியாழக்கிழமை ஆறாவது தடவை மணி அடித்தபோது கையிலிருந்த இடுக்கியை மேசைமேல் எறிந்துவிட்டுப் போய், வாசலில் நின்றபடியே கத்தினாள். "நீங்க கூப்பிட்டு நான் எந்திரிச்சாலே அது கெட்டுப்போகுதுங்கப்பா! ஒவ்வொரு வாட்டியும்!"

அவர் மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"அப்படியா சாமி... கோழிக்கு... என்னைக் கண்டா... ஆகாதாட்ட இருக்குது."

ஹாலில் பெட்டியின் மோட்டார் உறுமத் தொடங்கியது. பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சரஸ்வதியம்மாள் பெட்டியின் கண்ணாடியில் கை வைத்தபடி இருந்தாள். அழுது முடித்து, அடுத்து வருகிறவர்களுக்காகக் காத்திருப்பது போல.

"நீ பக்கத்து ரூம்லதான இருந்தே?" அத்தை நர்மதாவின் முழங்காலைத் தட்டிக் கேட்டாள். "பெல்லு அடிக்கலியா எங்கண்ணன்?"

"இல்லீங்த்தை."

"ஒருக்காக் கூடவா?"

"இல்லீங்."

இது நான்காவது ஆள். அடித்திருந்தால் கேட்டிருக்காதா என்று கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். காலையில் அம்மா பால் சொசைட்டிக்குப் போனதிலிருந்து மணி அடிக்கவே இல்லை. நேற்றும் இல்லை. புது மாத்திரை கேட்கிறது என்று நினைத்திருந்தாள். எட்டு மணிக்கு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பதினொரு போர்டு. பதினொன்றிலும் ஒரு பாகம்கூட விலகவில்லை. பத்தரைக்குப் பதினோராவது போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். ஆச்சா சாமி என்று தினமும் அவர் கேட்கும் கேள்விக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பதில் இருந்தது.

"அப்பா, ஆச்சுங்க" என்றாள்.

ஆக்ஸிஜன் மெஷின் உஸ் உஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மூக்கில்தான் இருந்தது. அவர்தான் இல்லை.

பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் மனம் அவளைக் கேட்காமலே கணக்குப் போட்டது. அப்பனைக் கிடத்திவைத்துக்கொண்டு இதையா நினைப்பது என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் அது நிற்கவில்லை. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் பெல்ட்டு நாற்பது மில்லிமீட்டர் நகரும். ஒரு சுற்றுக்கு இருநூறு ஸ்டெப். ஆக, ஒரு ஸ்டெப்புக்குப் புள்ளி இரண்டு. மோட்டாருக்குள் இருக்கும் காந்தங்களுக்கு நான்கு ஸ்டெப்புக்கு ஒரு தடவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பிடியை விட்ட நேரத்தில் தலை கொஞ்சம் நகர்ந்துவிட்டால், மறுபடி பிடிக்கும்போது பழைய இடத்தைப் பிடிக்காமல் அடுத்த இடத்தைப் பிடிக்கும். சைக்கிள் செயின் ஒரு பல் தாண்டி உட்கார்வது போல. அரைப் பல்லில் அது உட்காராது. நான்கு ஸ்டெப். நான்கு தடவை புள்ளி இரண்டு.

புள்ளி எட்டு.

மோட்டார் பிடியை விட்டிருக்கிறது. சும்மா நிற்கும்போது. எவ்வளவு நேரம் சும்மா நின்றால்?

அந்த எண்ணை எழுதியது அவள்தான். சித்திரையில் கரண்ட் போய்ப் போய் வந்த நாட்களில், வீட்டில் இருந்த ஒரே இன்வெர்ட்டரில்தான் ஆக்ஸிஜன் மெஷினும் ஓடியது. இவளுடைய மோட்டார்கள் சும்மா நிற்கும்போதும் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன. பேட்டரி அப்பாவுக்கு மிஞ்ச வேண்டும் என்று, நூற்றிருபது வினாடி வேலை இல்லாவிட்டால் மோட்டார்களை விட்டுவிடு என்று மெஷினின் புரோகிராமில் ஒரு வரி எழுதினாள். எழுதியதை மறந்தும் போனாள். ஓடி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே திரும்பினால் ஒன்றும் ஆகாது. இரண்டு நிமிடத்துக்கு மேல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் பிசகும்.

அவள் அன்றைக்குக் கத்தியது உண்மைதான்.

மூன்று மணிக்கு ரிஜோ வந்தான். பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் குழுவின் நர்ஸ். வாரம் ஒரு தடவை வந்து அப்பாவைப் பார்ப்பவன். மாலையை வைத்துவிட்டு, செருப்பைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் முற்றத்திலேயே நின்றான். நர்மதா வெளியே வந்தாள்.

"சேச்சி, இப்ப கேக்கக் கூடாது. எருத்தேம்பதில ஒரு அம்மச்சிக்கு சிலிண்டர் தீரப் போகுது. அந்த ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர்..."

"எடுத்துட்டுப் போ, ரிஜோ. தொடச்சு வெச்சிருக்கேன்."

அவன் நகரவில்லை.

"சேச்சி, ஒரு காரியம். திங்கக்கிழமை வந்தப்ப அப்பா அந்த பெல் சுவிட்ச எடுத்துத் தலகாணிக்கு அடியில வெக்கச் சொன்னாரு. தெரியாம கை பட்டா பாப்பா எந்திரிச்சு வரணும், அவ கோழி கெட்டுப்போகும்னு சொன்னாரு. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். விடல. கை எட்டற மாதிரிதான் வெச்சேன், சேச்சி. சத்தியமா எட்டும்."

நர்மதா முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்தாள். மரத்தடியில் யாரோ நாற்காலிகளை இறக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"வலிச்சிருக்குமா?"

"தூக்கத்துலயே போயிருப்பாரு. முகம் பாத்தா அப்படித்தான் இருக்கு" என்றான் ரிஜோ. பிறகு, "எனக்கு அறியில்ல, சேச்சி" என்றான்.

"சரி. காப்பி குடிச்சுட்டுப் போ."

நான்கு மணிக்குத் தம்பி தங்கதுரை சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான். ஐந்துக்கு எடுத்தார்கள். ஆண்கள் காட்டுக்குப் போக, பெண்கள் வீட்டைக் கழுவித் தள்ளினார்கள். ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்காமல், இங்கே விளக்கு வை, அங்கே வேண்டாம் என்று சத்தம். நர்மதா தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையில் துண்டோடு அறைக்குப் போனாள். ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு, மெஷினின் பிளக்கை மாட்டினாள்.

"இன்னைக்குமா இந்தக் கருமத்தை ஓட்டோணும்?" அத்தை வாசலில் நின்றாள். "நாலு சனம் பாத்தா என்ன சொல்லும்?"

"அஞ்சு நிமிசமுங்த்தை."

"என்னமோ போ. புள்ளையவா பெத்தான் எங்கண்ணன், மெக்கானிக்கையில்ல பெத்திருக்கறான்."

அத்தை போன பிறகு அந்த வரியைத் திறந்தாள். 120. அதை அழித்து, ஒருபோதும் விடாதே என்பதற்கான எண்ணைப் போட்டாள். அவ்வளவுதான் வேலை. மூன்று வாரம், எத்தனை திருகாணி, எத்தனை எரிச்சல், ஒரு வரி. விசைப்பலகையை ஒரு குத்துக் குத்த வேண்டும் போலிருந்தது.

போர்டை வைத்து ஓட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு, கைப்பேசியில் நேரம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிமிடம் போனது. நான்கு போனது. மெஷினின் தலையில் விரலை வைத்துத் தள்ளினாள். அசையவில்லை. மறுபடி ஓட்டினாள். பாகம் கோட்டுக்குள் போய் உட்கார்ந்தது. அடுத்ததும்.

மேசைக்கு மேல் மணி அடித்தது.

அவள் கை தானாகப் போய் மெஷினை நிறுத்தியது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, இரண்டு எட்டில் அப்பாவின் அறை வாசலுக்குப் போய்விட்டாள்.

மெத்தையைச் சுருட்டிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்தார்கள். அம்மா தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையில் கிடைத்த சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இங்க கெடந்துது, அம்மிணி. கை பட்டுருச்சு. அடிச்சுதா?"

"அடிச்சுதுங்கம்மா."

"உன்ற வேலையக் கெடுத்துட்டனா?"

"இல்லீங்கம்மா" என்றபடி நர்மதா கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தாள். அம்மா தலையணையைக் கீழே வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். காட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரும் சத்தம் தெருமுனையில் கேட்டது. முற்றத்தில் கால் கழுவினார்கள். யாரோ சொம்பு கேட்டார்கள்.

அடுத்த அறையில் மோட்டார்கள் மெல்லிய ரீங்காரத்தோடு இருந்தன. தலை விட்ட இடத்திலேயே, வாயில் ஒரு பாகத்தைக் கவ்வியபடி நின்றுகொண்டிருந்தது.