பனிக்கட்டி மேல் பெல்ட் கூடாது

பைக்கால் ஏரி உறைந்தபின் அதன்மேல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முதல் சட்டம் ஒன்றுதான்: சீட் பெல்ட் போடக் கூடாது. பனிக்கட்டி உடைந்து வண்டி முங்கினால் கதவைத் தள்ளிக் குதிக்கணும். பெல்ட்டோடு மல்லுக்கட்ட நேரம் ஏது? இருபது வருஷம் ஓட்டிய சோல்போனுக்கு இது தெரியாதா என்ன? முந்தின வருஷம் அவன் வண்டி முங்கியபோது ஏழு பயணிகளும் தப்பித்துவிட்டார்கள். அவனை மட்டும் பெல்ட்டோடு வெளியே எடுத்தார்கள்.

அவன் தங்கை செசெக்மாவுக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். "ஊருக்கெல்லாம் சொன்னியே, உன்னைப் பார்த்துக்கத் தெரியலையேடா மடையா" என்று அவன் படத்தைப் பார்த்துத் தினமும் திட்டுவாள்.

இந்தக் குளிர்காலம் அவளே வண்டி எடுத்தாள். ஏரிக்கு நடுவே உள்ள தீவின் வடகோடியில் இருக்கும் ஹோபோய் முனைக்கு முதல் சவாரி. வண்டிகளுக்கு ஆள் பிரித்துவிடும் அர்சலானுக்கு மனசே இல்லை.

"உங்க வீட்டுல ஒரு உசுரு போனது போதாதா? சரி, போ. பாதியில திரும்பினா அடுத்த சவாரிக்கு என்கிட்ட வந்து நிக்காத."

"ஹோபோயைப் பார்க்காம திரும்ப மாட்டேன். நீ டீ போட்டு வை" என்றாள்.

கரைவரைக்கும் தார்ரோடு. அங்கே பெல்ட் போடாவிட்டால் அபராதம். ஏரியில் இறங்குமுன் வண்டியை நிறுத்தி, வழக்கப்படி ஜன்னல் வழியாக ஏரிக்குக் கொஞ்சம் பால் ஊற்றிவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

"எல்லாரும் பெல்ட்டைக் கழட்டுங்க."

மாஸ்கோவிலிருந்து வந்த கிரில் தயங்கினான். "எங்க ஊர்ல பெல்ட் போடலைன்னா அபராதம்க்கா."

"இங்க அபராதமெல்லாம் கிடையாது தம்பி. நேரா அடக்கம்தான்."

ஒவ்வொருவர் மடியையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஒன்றரை மணி நேரம் ஓடியது வண்டி. செம்பாறைகளில் ஆளுயரத்துக்குப் பனி தொங்கியது. கண்ணாடிபோல் தெளிந்த பனிக்கட்டிக்கு அடியில் வெள்ளைக் குமிழ்கள் அடுக்கடுக்காக உறைந்து நின்றன. பயணிகள் வாயைப் பிளந்து படம் எடுத்தார்கள். செசெக்மா பாறையையும் பார்க்கவில்லை, குமிழையும் பார்க்கவில்லை. அவள் கண் விரிசல்களைத்தான் தேடியது.

முனை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் புது விரிசல் ஒன்று குறுக்கே கிடந்தது. ஒரு சாண் அகலம், உள்ளே கறுப்புத் தண்ணீர். இறங்கி, கடப்பாரையால் தட்டிப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து குதிக்கப் போனாள். நெஞ்சைப் பிடித்து ஏதோ பின்னால் இழுத்தது.

குனிந்து பார்த்தாள். தடித்த கோட்டுக்கு மேலே பெல்ட்.

"அக்கா," என்றான் கிரில் மெதுவாக, "நீங்க கழட்டவே இல்லையா?"

எல்லார் மடியையும் பார்த்தவள் தன் மடியைப் பார்க்கவில்லை. இப்படித்தான் நடந்திருக்கும் அண்ணனுக்கும். மடத்தனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், அவ்வளவுதான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெல்ட்டின் பொத்தானை அழுத்தினாள், குளிரில் இறுகிப்போய் அது கழறவில்லை.

"திரும்பிடலாமாக்கா?"

"ஏன்?" என்று கேட்டபடி மீன் வெட்டும் கத்தியை எடுத்துப் பெல்ட்டை அறுத்தாள். "தார்ரோட்டுல அபராதம் போட்டா போடட்டும்."

இறங்கி விரிசலை ஒட்டியே நடந்தாள். முந்நூறடி தள்ளி அது குறுகிய இடத்தில் கடப்பாரை கெட்டியாக மோதியது. பயணிகளை முதலில் நடந்து தாண்டச் சொன்னாள். பலகை போட்டு, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, தனியாக வண்டியை ஓட்டிக் கடந்தாள்.

ஹோபோயில் நேர்த்திக்கடன் கம்பத்தில், வேண்டிக்கொண்டவர்கள் கட்டிய கலர் கலரான துணிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. செசெக்மா அறுத்த பெல்ட்டை அவற்றின் நடுவே இறுக்கிக் கட்டினாள்.

"யாருக்குக்கா?" என்றான் கிரில்.

"எங்க அண்ணனுக்கு. நிறைய திட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பயணிகளுக்கான மீன் சூப்புக்கு அடுப்பு மூட்டப் போனாள்.