ஹாரன் தகட்டில் ஒரு பிக்

க்ர்ர்ர்ர்... க்ர்ர்ர்ர்... க்ர்ர்ர்ர்!

மூன்று நீண்ட பஸ்ஸர். காக்களூர் தொழிற்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன பிரஸ் ஷாப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஹாரன் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் கேட்டுக்குள் வந்துவிட்டார். செருப்போடு நின்றவர்கள் ஷூவைத் தேடி ஓடினார்கள். டீ டம்ளர்கள் மிஷின்களுக்குப் பின்னால் மறைந்தன.

“புதன்கெழம வர்றேன்னாரே? திங்கக்கெழமயே வந்து நிக்கிறாரு பாரு, மாமியாரு ஊட்டுக்கு வர்றாப்புல!” என்று கத்திக்கொண்டே மோகன்ராஜ் ஓடினான்.

டூல் ரூம் ஃபிட்டர் ரிஜ்வான் மட்டும் நகரவில்லை. அவன் கை தானாகப் பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. அங்கே ஒரு சின்ன முக்கோணத் தகடு கட்டைவிரலில் இடறியது. கித்தார் கம்பியை மீட்டும் பிக்.

செவ்வாப்பேட்டைக் கல்யாண மண்டபங்களில் வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் அவன் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பிளாஸ்டிக் பிக்குகள் அவன் வேகத்துக்குத் தாங்கவில்லை. பைக் ஹாரனுக்குள் வைக்கும் வட்டத் தகடுகளைத்தான் இந்த பிரஸ் ஷாப் அடித்துத் தள்ளுகிறது. அதில் கழித்துப் போட்டவற்றை ஸ்கிராப் தொட்டியிலிருந்து பொறுக்கிவந்து, கத்தரியால் வெட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்து நாற்பது பிக்காவது செய்திருப்பான். இரண்டாவது பாட்டிலேயே முனை மடங்கிவிடும்.

போன வாரம் தகடு அடிக்கும் அச்சான டையைப் பொருத்திப் பார்க்க, குவாலிட்டி ரூமிலிருந்து மாஸ்டர் சாம்பிள் வாங்கிவந்தான். ஹாரன் கம்பெனி முத்திரை குத்திக் கொடுத்த மூன்று தகடுகள். ‘இதைப் போலவே எல்லாத் தகடும் இருக்க வேண்டும்’ என்பதற்கான அத்தாட்சி. மேஜை விளிம்பில் தட்டியதும் ஒன்று கிணுகிணுவென்று நின்று ஒலித்தது. அதற்குப் பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டைத் திருப்பிக் கொடுத்தான். யார் எண்ணப் போகிறார்கள்?

முத்திரை விழுந்த இடத்தைப் பிடியாக வைத்தே வெட்டினான். விரல் வழுக்காது. நேற்று ராத்திரி முழுக் கச்சேரிக்கும் முனை அப்படியே இருந்தது.

இப்போது குவாலிட்டி ரூமில் செல்வி மாஸ்டர் சாம்பிள் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிக்கு அவள்தான் பொறுப்பு. பதினோரு வருஷ சர்வீஸ்.

“இன்னாக்கா?” என்று உள்ளே வந்தான் ரிஜ்வான்.

“ரெண்டுதான் கீதுபா. மூணுன்னு நான் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுக்கிறேன். நீ குடுக்கசொல்ல எண்ணாம வாங்கிட்டேன் போல. எத்தினி குடுத்தே?”

ரிஜ்வானுடைய பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆகி, கையெழுத்துக்காக மேனேஜர் மேஜையில் கிடந்தது. ஒன்றரை வருஷக் காத்திருப்பு. வாயைத் திறந்தால் அது குப்பைக்கூடைக்குப் போகும்.

“அங்கதான்க்கா எங்கனா இருக்கும்” என்றான். கால் நிலைகொள்ளாமல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. மேனேஜர் வீரராகவன் முன்னால் வர, இன்ஸ்பெக்டர் பாக்கியநாதன் பின்னால் வந்தார்.

“மூணு வருஷமா அதே ஸ்டீல், அதே கம்பெனி ரோல் சார். ஒரு மாத்தமும் இல்ல” என்று சொல்லியபடியே வந்த வீரராகவன், “செல்வி, மாஸ்டர எடும்மா” என்றார்.

செல்வி இரண்டு தகடுகளை வைத்தாள்.

“மூணாவது?” என்றார் பாக்கியநாதன்.

“தேடிக்கினே கீறேன் சார்...”

“நான் முத்திரை குத்துன பீஸ்ம்மா அது. தொலஞ்சுபோச்சுன்னா எப்படி?”

வீரராகவன் முகம் சிவந்தது. “ஒரு பெட்டியப் பாத்துக்கத் தெரியல, சம்பளம் மட்டும் ஒண்ணாந்தேதி கரெக்டா வேணும்! சாயந்தரத்துக்குள்ள அது வரல, நாளைலேருந்து நீ வராதே.”

செல்வி அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏற்கெனவே மூன்று முறை பார்த்த அலமாரியைத் திரும்பவும் குடையத் தொடங்கினாள். அதைப் பார்க்க ரிஜ்வானால் முடியவில்லை. வெளியே போய்விடலாம் என்று கதவுவரை நடந்தான். திரும்பினான். மறுபடி நடந்தான்.

“இன்னாபா நீ, குட்டி போட்ட பூனையாட்டம்? வேலையப் பாரு, போ!” என்று வீரராகவன் அதட்டினார்.

ரிஜ்வான் பாக்கெட்டிலிருந்து பிக்கை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“அக்கா மேல தப்பு இல்ல சார். நான்தான் வெட்டிட்டேன்.”

பாக்கியநாதன் அதைப் புரட்டிப் பார்த்தார். அவர் முத்திரையில் பாதி பளிச்சென்று தெரிந்தது. “என்னய்யா இது?”

“பிக் சார். கித்தாருக்கு.”

செல்வி அலமாரியை விட்டுவிட்டு அவனையே வெறித்தாள். “பாவி! கேட்டேனேடா உன்ன!”

வீரராகவன் ஒரு நொடி திகைத்தார். பிறகு அவசரமாகச் சிரித்தார். “பாட்டுப் பைத்தியம் சார் இவன். ஆர்டரைக் கிழிச்சுப் போட்டு இன்னைக்கே வெளியில அனுப்பிடறேன். விடுங்க. இதே தகடு பின்னால தொட்டி தொட்டியா கெடக்கு, ஒண்ணு வேணுமா, நூறு வேணுமா? மொதல்ல நீங்க வந்து சாப்பிடுங்க.”

பாக்கியநாதன் நகரவில்லை. பிக்கை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். விட்டதும் அது நிமிர்ந்துகொண்டது.

“தொட்டி தொட்டியா கெடக்கையில, பூட்டி வெச்சத ஏன்யா எடுத்தே?”

வீரராகவன் அவசரமாக இருமினார். ரிஜ்வான் அவரைப் பார்க்கவே இல்லை. வேலை எப்படியும் போய்விட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான்.

“நாப்பது செஞ்சி பாத்துட்டேன் சார், தொட்டில இருக்கறது ஒண்ணுகூட இதே தகடு இல்ல.”