கடைசி ஆளுக்குக் கைதட்டு

விளையாட்டு வாத்தியாருக்குத் தெரிந்த ஊக்கம் ஒன்றுதான். ஓட்டத்தில் கடைசியாக வருகிறவளுக்கு வகுப்பே வரிசையாக நின்று கைதட்ட வேண்டும். "ரோஷம் வந்தா கால் தானா ஓடும்" என்பார். வாரம் தவறாமல் அந்தக் கைதட்டலை வாங்கியவள், மூட்டை என்று எல்லாரும் கூப்பிட்ட பெண். அவளுக்கு ரோஷம் வரவில்லை. விளையாட்டு வகுப்பு என்றாலே ஒளிய இடம் தேடினாள்.

அன்று புதிதாகச் சேர்ந்த ஒல்லிப் பெண் ஒருத்தி மூச்சு வாங்கிப் பின்தங்கினாள். கைதட்டும் வரிசையில் மூட்டை நின்றது அதுவே முதல் தடவை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

"பாத்தீங்களா, மூட்டைக்கே உயிர் வந்துடுச்சு!" என்று வாத்தியார் சிரித்தார்.

புதியவள் தள்ளாடி வந்து நேராக அவள் கையைத்தான் பிடித்தாள். "நீ தட்டினதுலதான் எனக்குத் தெம்பே வந்துச்சு. என் பழைய ஸ்கூல்ல கிண்டல்தான் பண்ணுவாங்க. நீங்கள்லாம் எவ்ளோ நல்லவங்க!"

வகுப்பு குபீரென்று சிரித்தது.

"அப்படியா? இன்னொரு சுத்து ஓடும்மா, இன்னும் பலமா தட்டுறோம்" என்றார் வாத்தியார். அவளும் அதை நம்பிச் சந்தோஷமாகக் கிளம்பினாள்.

உண்மையைச் சொல்லி அந்த முகத்தை வாடவைக்க மூட்டைக்கு மனம் வரவில்லை. வரிசையை விட்டு இறங்கி ஓடினாள்.

"உனக்கென்னடி வேண்டுதலா?" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் புதியவளை முந்தவில்லை. கடைசிவரை ஓரடி பின்னாலேயே ஓடினாள். கைதட்டல் எழுந்தபோது அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, புதியவளைத் தவிர.