நெவில் பெயரில் இருந்த உரிமம்

ஈஸ்டர் சனிக்கிழமை. மழை பிடித்துக்கொண்டதும் கடற்கரைச் சாலையில் திரிந்த கூட்டமெல்லாம் காசு போட்டு ஆடும் விளையாட்டுக்கூடத்துக்குள் வந்து கொட்டியது. கணவர் நெவில் குளிர்காலத்தில் இறந்தபின் கிளெனிஸ் தனியாகக் கூடத்தைத் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

போட்ட காசு மற்ற காசுகளைத் தள்ளி விழவைக்கும் இயந்திரம் ஒன்று நின்றுபோக, அதை வாடகைக்கு விட்ட கம்பெனியின் மெக்கானிக் ராய்ஸ்டன் வந்தான். மூடியைத் திறக்குமுன் கேட்டான்.

"உரிம நம்பர் சொல்லு கிளெனிஸ். அது இல்லாம கை வைக்காதேன்னு ஆபீஸ்ல உத்தரவு."

"செவுத்துல மாட்டியிருக்கேன், கண்ணாடியப் போட்டுப் பாருப்பா."

"அது கட்டடத்துக்கு நகராட்சி குடுக்கறது. நான் கேக்கறது நடத்தற ஆளுக்கு, பர்மிங்ஹாம்ல இருக்கற சூதாட்ட ஆணையம் குடுக்கறது."

"அது நெவில் பேர்ல இருக்கே."

ராய்ஸ்டன் திருப்புளியைக் கீழே வைத்தான். "ஆள் போனா அதுவும் போச்சு. அவரா மேல இருந்து கல்லாவப் பாத்துக்கறாரு?"

"உரிமத்த என் பேருக்கு மாத்தற முடிவு வர்ற வரைக்கும் திறந்து வெச்சுக்கலாம்னு நகராட்சியே சொல்லிச்சே!"

"கட்டடத்துக்குச் சொல்லியிருப்பாங்க. பர்மிங்ஹாமுக்கு விண்ணப்பம் போட்டியா?"

"போட்டேன். இன்னும் பதில் வரல."

"வர்ற வரைக்கும் ஒரு மெஷின்கூட ஓடக்கூடாது. ஜெயில் வரைக்கும் போற விஷயம் இது."

நம்ம ஊர் நகராட்சி சரியென்று சொன்னால் போதும் என்றல்லவா கிளெனிஸ் இருந்துவிட்டாள்! அந்த நேரம் பார்த்து, குடையை உதறியபடி நகராட்சி ஆய்வாளர் திருமதி ஹாக்ஸ்வொர்த் உள்ளே நுழைந்தார்.

"நெவில் விஷயம் கேள்விப்பட்டேன். நல்ல மனுஷன்." சுவரில் இருந்த உரிமத்தைப் பார்த்தார், சிறுவர் நுழையக்கூடாத பெரியவர்கள் பகுதியின் தடுப்பைப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு, கிளெனிஸ். வரேன்."

ராய்ஸ்டன் கூரையைப் பார்த்தான். கிளெனிஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த அம்மாள் போய்விடுவார். ஆனால் பின்னால் தெரியவந்தால்? பர்மிங்ஹாம் அவளுக்கு எந்தக் காலத்திலும் உரிமம் தராது. நெவிலோடு சேர்ந்து கட்டிய கூடமும் போய்விடும். கிளெனிஸ் ஹாக்ஸ்வொர்த்தின் பின்னால் போனாள்.

"மேடம்... ஆணையத்தோட உரிமம் எங்கிட்ட இல்ல. தெரியாம திறந்துட்டேன்."

ஹாக்ஸ்வொர்த் கதவருகே நின்றார். "அது என் அதிகாரத்துல இல்லம்மா. எனக்குக் கட்டடம் மட்டும்தான். ஆனா காதுல விழுந்த பிறகு அவங்களுக்குச் சொல்லாம இருக்க முடியாது."

கிளெனிஸ் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். விளக்குகள் ஒரே மூச்சில் அணைந்தன.

"ஏய்! என் காசு விழற நேரம்!" என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டம் முணுமுணுத்தபடி மழையில் கலைந்தது. "என்னை என்ன பண்ணுவாங்க மேடம்?" என்று கிளெனிஸ் கேட்டாள்.

"தெரியாதும்மா. நீயா நிறுத்தினதையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஈஸ்டர் லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமைதான் ஆணையத்துல போனை எடுப்பாங்க."

கிளெனிஸ் கதவைப் பூட்டப் போனாள். கொத்தில் எது வாசல் சாவி என்று தேடிக்கொண்டே நின்றாள். ராய்ஸ்டன் வாங்கிப் பூட்டினான்.

"வீட்டுக்கு வா, என் பொண்டாட்டி டீ போட்டுத் தருவா," என்றான்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். செவ்வாய்க்கிழமை எங்கோ தொலைவில் இருந்தது.