பூனைப்பருந்து இறங்கும் இடம்

கல்யாணமான நாள் முதல் எனக்குச் சக்களத்தி பறவைகள்தான். பொம்பளையாக இருந்திருந்தால் முடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். பருந்தை என்ன செய்ய?

என் வீட்டுக்காரர் பேச்சிராஜுக்கு இடது கண் போன வருஷமே அவிந்துவிட்டது. மிச்சமிருந்த வலது கண்ணுக்குத் திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். பார்வை நிற்குமா என்று கேட்டதற்கு டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதில் அவருக்குப் பூனைப்பருந்து பார்க்க வேண்டும். குளிருக்கு எங்கிருந்தோ வந்து, பங்குனி வெயில் ஏறியதும் கிளம்பிவிடும் பறவை அது. பொழுது சாயும்போது கூட்டமாகத் தரிசுப் புல்லில் இறங்கி அடையும். இப்போது விட்டால் இனி ஐப்பசிக்குத்தான். அன்றைக்குக் கண் இருக்குமோ என்னவோ என்ற பயம் எனக்கும்தான் இருந்தது.

எங்கே போவது என்று காலையிலிருந்து வாக்குவாதம். நான் பனவடலிசத்திரம் என்றேன். குளத்தில் தண்ணீர் கிடக்கிறது, ஏதாவது ஒரு பறவை கண்ணில் படும் என்று எனக்கு எண்ணம். அங்கே இருப்பது உன் அக்கா வீடுதான் என்று கேலி செய்தார். அந்த நேரம் பார்த்து, அவர் நடத்தும் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் தாவூது என்ற பையன் ஒரு படம் போட்டான். இளையரசனேந்தல் தரிசில் பூனைப்பருந்துகள். அதற்குமேல் பேச்சேது?

ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து, வெயில் இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்தால் புல்லும் காற்றும் மட்டும். ஒரு காக்கைகூட இல்லை. பைனாகுலரைக் கண்ணைவிட்டு எடுக்காமல் தரிசைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் தாவூதைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணாச்சி, அது போன வாரப் படம்லா. அடையுத எடத்த ஒரு வாரம் கழிச்சுத்தான் போடணும்னு நீங்கதான சட்டம் வச்சீய?” தாவூதின் குரல் இறங்கியது. “இப்பம் எல்லாம் பனவடலி குளத்துக்குப் பின்னால எறங்குது. நான் அங்கனதான் நிக்கேன்.”

ஆட்கள் போய்க் குவிந்து பறவையைக் கலைக்கக் கூடாதென்று இவர் போட்ட விதி அது. மீறிய ஒருத்தனைக் குழுவைவிட்டே நீக்கியவர். கண் போகும் பயத்தில் அதையே மறந்துவிட்டார்.

வண்டியைத் திருப்பி, விரட்டு விரட்டென்று விரட்டினேன். விதியையும் அதைப் போட்டவரையும் திட்டிக்கொண்டே அழுதேன். பாதி வழியில், சங்கரன்கோவிலுக்குள் நுழையும்போதே இருட்டித் தெருவிளக்குகள் எரிந்தன. என் தோளில் கை வைத்தார்.

“போதும். வீட்டுக்குத் திருப்புட்டி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மதுரையில்தான் இருந்தோம். கண்கட்டைப் பிரித்தாகிவிட்டது. பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போயிருந்தார். அப்போது என் வீட்டுக்காரரின் போன் சத்தம் கொடுத்தது. தாவூது, விதி தவறாமல், பனவடலிப் படத்தைப் போட்டிருந்தான்.

போனை வாங்கி மூக்கோடு ஒட்டிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். பிறகு என்னிடமே நீட்டினார்.

“சுந்தரி, எத்தன எறங்குது?”

எனக்குப் பருந்துக்கும் காக்கைக்கும் வித்தியாசம் தெரியாது. சக்களத்தி என்று திட்டிய வாயால், ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னேன்.